மருந்து போகும் வழி



வேர்வையும் ஈரமுமாய் வேலை செய்கிறவர்களுக்குப் படர்தாமரை புதிதல்ல. களிம்பு தடவுகிறோம். அது மேல்தோலோடு நின்றுவிட்டதா, உள்ளே இறங்கியதா? இறங்கியது என்றால் எந்த வழியாக? அதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்பதையே இன்று பேசப் போகிறோம்.

நம் உடல் உயிரணுக்களால் ஆனது. அவை நுண்ணோக்கியில் பெரும்பாலும் நிறமின்றியே தெரியும். ஆகவே, பார்க்க விரும்பும் பொருளோடு ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து அனுப்புவது வழக்கம். பெரிய பொருள்களுக்கு அது சரி. சர்க்கரை, மருந்து போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு அந்தச் சாயமே பெருஞ்சுமை. ஐந்து வயதுப் பையன் முதுகில் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு, எந்தச் சந்தில் ஓடுகிறான் பார்ப்போம் என்றால் அவன் ஓடுவானா?

இங்கேதான் திருச்சிராப்பள்ளிப் பக்கம் பிறந்த சர் சி. வி. இராமன் கை கொடுக்கிறார். ஒரே நிற ஒளியை ஒரு பொருள்மீது பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் சிறிதளவு நிறம் மாறி வருகிறது என்பதை அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் கண்டார்கள். அணுக்களைச் சேர்த்துக் கட்டும் பிணைப்புகள் வீணைத் தந்திபோல் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்குத் தக்கபடி நிறம் மாறுகிறது. மாறிய நிறத்தைப் பார்த்து, அங்கே இருப்பது இன்ன பிணைப்பு என்று சொல்லிவிடலாம். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

ஆனால் உயிரணுவுக்குள் எத்தனையோ தந்திகள் ஒன்றாக ஒலிக்கின்றன. பிரட்டுக் களத்து இரைச்சல் போலத்தான். நல்ல வேளையாக, நடுவில் சில சுருதிகள் மட்டும் காலியாக இருக்கின்றன. உயிரணுவின் சொந்தப் பொருள்கள் அங்கே குரல் கொடுப்பதில்லை. இரண்டு கரியணுக்களை மூன்று பிணைப்புகளால் கட்டிய இரட்டை ஒன்று உண்டு. அது ஒலிப்பது அந்தக் காலியிடத்தில்தான். அந்தக் காலத்தில் இருட்டோடு மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் கட்டிய கார்பைடு விளக்கு நினைவிருக்கிறதா? அதில் எரிந்த அசிட்டிலீன் வாயுவில் இருப்பதும் இதே கட்டுதான்.

இரண்டே அணுக்கள் என்பதால் சுமையும் இல்லை. மரபுப்பொருள் கட்ட உதவும் கூறு ஒன்றில் இதை மாட்டி, 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உயிருள்ள அணுக்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூறு உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்திருப்பது படத்தில் தெரிந்தது.

நிறம் மாறும் ஒளியோ ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு. நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இரண்டு லேசர் கதிர்களைச் சேர்த்துப் பாய்ச்சி அந்தக் குரலை வலுப்படுத்தினார்கள். படர்தாமரைக்குத் தரும் டெர்பினஃபைன் மருந்தில் அந்த இரட்டை இயல்பாகவே இருக்கிறது. எதையும் ஒட்ட வேண்டியதில்லை. அதை எலியின் காதில் தடவிப் பார்த்தார்கள். மருந்து, தோலின் கொழுப்புப் பகுதிகள் வழியாகவே உள்ளே இறங்கியிருந்தது. இந்த முடிவை 2014இல் வெளியிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பொருள் மிகக் குறைவாக இருந்தால் அதன் குரல் கேட்காது. கேட்கட்டுமென்று ஒளியை அளவுக்கு மீறிக் கூட்டினால், நாம் பார்க்க வந்த உயிரணுவே செத்துப்போகும்.