செயற்கைக் கணையம்

செயற்கைக் கணையம் என்றதும், உலோகத்தாலோ ரப்பராலோ செய்து வயிற்றினுள் வைத்துத் தைக்கும் ஓர் உறுப்பை நாம் எண்ணிக்கொள்கிறோம். பெயர் நம்மை மயக்குகிறது. இன்று அப்பெயரால் வழங்குவது, உடலின்மேல் அணியும் கருவிகளின் கூட்டமே. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

இரைப்பையின் பின்னே கிடக்கும் கணையத்துக்குத் தொழில்கள் இரண்டு. உணவைச் செரிக்கும் நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவது ஒன்று. இரத்தச் சர்க்கரையை அளவில் நிறுத்துவது மற்றொன்று. பின்னதைப் புரிவன, 1869-இல் ஜெர்மானியரான பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த நுண்ணிய திட்டுகள். முதல் வகை நீரிழிவில், உடலின் காவற்படையே அத்திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது.

1921-இல் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். 1922 ஜனவரியில் அம்மருந்தைப் பெற்ற 14 வயதுச் சிறுவன் ஒருவன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். மருந்து கிடைத்தது; ஆயின், எப்போது, எவ்வளவு என்று ஓயாது கணிக்கும் கணையத்தின் அறிவு மருந்தோடு வரவில்லை. செலுத்திவிட்ட இன்சுலினைத் திரும்பப் பெற இயலாது. அளவு மிஞ்சினால் சர்க்கரை தாழ்ந்து, உறக்கத்திலேயே நினைவு தப்பக்கூடும். நடுநிசியில் எழுந்து குழந்தையின் விரலைக் குத்திச் சோதிக்கும் தாய், கணையத்தின் காவற்பணியைத் தாமே ஏற்றிருக்கிறார்.

அப்பணியைத்தான் கருவி ஏற்க முயல்கிறது. தோலடியில் செருகிய உணரி சில நிமிடங்களுக்கொருமுறை சர்க்கரையை அளக்கிறது. சிறு கணிப்பொறி கணக்கிடுகிறது. பம்பு இன்சுலினைச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறது. 1970-களில் கட்டிலருகே நிற்கும் பெரிய இயந்திரமாக இருந்தது, 2016-இல் உடலில் அணியத்தக்க வடிவில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

எனினும், உணரி அளப்பது தோலடி நீரை. ஆகவே செய்தி சற்றுப் பிந்தியே வருகிறது. தோலடியில் விட்ட இன்சுலினும் மெல்லவே பரவுகிறது. இதனால், பெரும்பாலான கருவிகளுக்கு உண்ணுமுன் உணவின் அளவை நாம் அறிவித்தாக வேண்டும். தில்லியில் உண்ணும் ரொட்டிக்கு ஒரு கணக்கு. விடுமுறையில் ஊர் சென்று உண்ணும் சோற்றுக்கு வேறு கணக்கு. செரிமானத் தொழிலை இக்கருவி தொடுவதேயில்லை. அதன் விலையோ நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு எட்டாதது.

உணவும் ஓட்டமும் குறுக்கிடாத இரவிலேதான் இக்கருவி சிறப்பாகப் பணிபுரிகிறது. நோயை இது நீக்காது. விழித்திருப்பவரின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். அவ்வுதவி எளியோர் இல்லத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டுமென்பதே நாம் அறிவியலாரிடமும் அரசுகளிடமும் வேண்டுவது.