இளைக்கச் சொல்லிக் கொழுத்தவர்கள்

(மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெண்களின் உடல் எடையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். பேசத்தான் வேண்டும். பெண் பார்க்க வருகிறவன் "குண்டு" என்கிறான். பக்கத்து வீட்டார் "ஒல்லிக்குச்சி" என்கிறார்கள். இந்த ஏச்சை மூலதனமாக்கிப் பெரிய வியாபாரமே நடக்கிறது. அது எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வரலாற்றைச் சொல்லுகிறோம்.

முதல் உலக யுத்தத்தின்போது, பிரான்ஸ் நாட்டு வெடிமருந்து ஆலைகளில் டைநைட்ரோபீனால் என்ற ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள். தின்ற உணவின் சக்தி உழைப்புக்கு உதவாமல் வெறும் சூடாக எரிந்து போயிற்று. உடம்பு கொதித்தது, வியர்வை கொட்டியது, மாண்டவர்களும் உண்டு.

தொழிலாளியைக் கொன்ற அதே விஷம் 1933-க்குப் பிறகு அமெரிக்காவில் என்ன ஆயிற்று? எடை குறைக்கும் மருந்தாயிற்று! அது எடையைக் குறைக்கிறது என்று ஸ்டான்போர்ட் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் எழுதியதுதான் தாமதம், கடைகளில் விற்பனை தொடங்கிவிட்டது. ஓராண்டுக்குள் சுமார் ஒரு லட்சம் பேர் விழுங்கினார்கள். 1935-ல் இளம் பெண்களின் கண்களில் புரை விழுந்தது. சிலர் உயிரையே இழந்தார்கள். தடுப்பதற்கு அந்நாட்டில் அப்போது சட்டமில்லை. 1938-ல் புதுச் சட்டம் வந்த பிறகே விற்பனை நின்றது.

அதற்குச் சற்று முன்னர், 1928-ல், மிட்டாய்க்குப் பதில் சிகரெட் பிடித்தால் உடம்பு பெருக்காது என்று அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி பெண்களுக்கு விளம்பரம் செய்தது. பெண்களிடையே சிகரெட் பரவியது. 1987-ல் அந்நாட்டுப் பெண்களை அதிகம் கொல்லும் புற்றுநோய் நுரையீரல் புற்றுநோய் என்றாகிவிட்டது.

நம் நாட்டில் மட்டும் என்ன? எடை குறைக்க விற்ற சிபுட்ரமின் மாத்திரை இருதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல்தான் தடை செய்யப்பட்டது.

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 12.6 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கவனியுங்கள்: பருத்த உடம்பிலும் ரத்தமில்லை! சோறு வயிற்றை நிரப்புகிறது. பருப்பும் கீரையும் முட்டையும் கூலிக்கு எட்டுவதில்லை.

ஆகவே பட்டினி கிடந்து நாற்று நடப் போகாதீர்கள். பெயர் தெரியாத பொடிக்குக் காசு கொடுக்காதீர்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சிகிச்சை கேளுங்கள். எடை குறைக்க வேண்டியிருந்தால் டாக்டர் யோசனைப்படி மெள்ளக் குறையுங்கள்.

மில் கேன்டீனில் பருப்பும் முட்டையும் வேண்டும். உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும். வயல் வேலைக்கு, சத்துள்ள சாப்பாடு வாங்கப் போதுமான கூலி வேண்டும். இவற்றைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். சேர்ந்து நின்று கேட்போம்!