பிள்ளையின் மருந்து நம் அடுப்பில்தான் இருக்கிறது

(தாய்மார் கூட்டத்தில் நலன்புரிப் பகுதியினர் ஆற்றிய உரை)



நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு சீலியாக் நோய் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நமக்குப் புதுப் பெயர். அதனால் லயத்தில் பல கதை உலாவுகிறது. இது தொத்து நோயல்ல, கண்ணூறுமல்ல, தாயின் வளர்ப்பில் குறையுமல்ல. கோதுமையிலும் பார்லியிலும் குளுட்டன் என்ற ஒரு புரதம் உண்டு. இந்நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலைப் பழுதாக்கும். தின்பது உடம்பில் ஒட்டாது. வயிறு ஊதும், வயிற்றால் போகும், நிறை ஏறாது, இரத்தம் குறையும்.

1944ஆம் ஆண்டு யுத்தக் குளிர்காலத்தில் ஒல்லாந்து நாட்டில் பாணுக்குப் பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடக்க, இந்நோய்ப் பிள்ளைகள் மாத்திரம் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று டிக்கே என்ற டொக்டர் 1950இல் எழுதி வைத்தார். இன்றைக்கும் வைத்தியம் அதுவேதான்: ஆயுள் முழுக்க கோதுமை, பார்லி கலவாத சாப்பாடு.

நமக்கோ காலையிலும் ரொட்டி, மலைக்குப் போகையிலும் ரொட்டி. ஆகவே தாய் ஒருத்தியால் இது முடியாது. சோறு ஊட்டும் எல்லாரும் சேர வேண்டும்.

அப்பாயி, அம்மாயிமாரே! "புள்ள ஏங்குது, ஒரு துண்டு தின்னா என்னா ஆகப்போவுது" என்று குடுத்துராதீங்க. சிறு துண்டும் குடலைக் கெடுக்கும். சோறு, குரக்கன், சோளம், மரவள்ளி, பலாக்காய், பருப்பு, முட்டை தாராளமாகக் கொடுக்கலாம். குரக்கனைத் தானியமாக வாங்கித் திரியுங்கள். கடை மாவில் கோதுமை கலந்திருக்கலாம். பிள்ளைக்குத் தனி ரொட்டிக்கல் வைப்பது நல்லது.

கடைச் சாப்பாட்டில் கவனம்! இடியப்பம், தோசை, அப்பத்திலும் கோதுமை மா சேர்ப்பதுண்டு. சோயாமீற், கூட்டுப் பெருங்காயம், மோல்ட் பானம், ரவை, சேமியா எல்லாவற்றையும் பக்கட்டைப் பார்த்து, கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை மடுவத்துக்கும் பள்ளிக்கும் டொக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கொடுங்கள். பிஸ்கட் பங்கிடும்போது அந்தப் பிள்ளையை வெறுங்கையோடு விடாமல் வாழைப்பழமோ அவித்த கிழங்கோ கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாவில் கேசரி ஆகாது. பொங்கலும் அரிசிமா மோதகமும் ஆகும். தலைவர்மார் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

கிளினிக் நாளில் தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். அடுத்த காம்பராக்காரர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அது பெரிய உதவி. துணைக்கு ஆள் தேவையென்றால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருவோம்.

கூடப்பிறந்த பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் இந்நோய் இருக்கக் கூடும். டொக்டரிடம் சொல்லி இரத்தம் சோதியுங்கள். ஆனால் சோதனைக்கு முன்னே அவர்களுக்கு ரொட்டியை நிப்பாட்டிராதீங்க; நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போகும்.

சாப்பாடு சரியானால் குடல் மெல்ல ஆறும், பிள்ளை வளரும். அந்தப் பிள்ளை நம் எல்லாருடைய பிள்ளை என்று நடந்துகொள்வோம்.