டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் சட்டசபைப் பணி

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமூகத் திருத்தத்துக்காக உழைத்த ஒரு சட்டசபை அங்கத்தவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, யாரைத் தெரிவதென்று நான் அதிகம் யோசிக்கவில்லை. காரணம் ஒன்றுண்டு. நான் பாதிரிமார் நிறுவிய கல்லூரியிற் படித்தவன். அங்கே நூல்நிலையத்தில், திருநெல்வேலிச் சீமையில் தோனாவூரிலே தொண்டாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிய புத்தகம் ஒன்று கையிற் கிடைத்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறு பெண்களை அவர் காப்பாற்றி வளர்த்த கதை அதிலே இருந்தது. திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்குப் போன பையனாகிய எனக்கு அதைப் படித்ததும் முகம் கருகிப்போயிற்று. "நம்மவரில் இதைக் கேட்க ஒருவரும் இல்லையா?" என்பதே அன்று எழுந்த கேள்வி. சில ஆண்டு கழித்தே விடை தெரிந்தது. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் சென்னைச் சட்டசபையில் எழுந்து நின்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் சட்டமும் ஆக்கினார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விமான். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இதனை நான் தயங்காமற் சொல்லுகிறேன். பிற்காலத்தில் அவர் சபையிற் பேசியது ஏட்டிலே கற்ற துன்பத்தைப் பற்றியன்று. தம் தாய்வழிச் சுற்றத்தின் வீடுகளிலே கண்டறிந்ததைப் பற்றி. பெண்கள் இல்லாத மகாராஜா கல்லூரியிலே மன்னரின் தனியனுமதி பெற்றுப் படித்தார். 1907இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் வைத்தியராக வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பது மணமகள் விதித்த நிபந்தனை. இங்கே கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டார் இதனைக் குறித்துக்கொள்ளலாம்!

சென்னை மாகாணத்திற் பெண்களுக்கு வாக்குரிமை 1921இற் கிடைத்தது. ஆயினும் சபையில் அமரும் உரிமை 1926 வரை இல்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரிற் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயா சிறிது வாக்கிலே தோற்றார். இந்திய மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளையொட்டி அரசாங்கம் முத்துலட்சுமி அம்மையாரை நியமன அங்கத்தவராக்கிற்று. நோயாளரை விட்டு எப்படிப் போவதென்று அவர் முதலிலே தயங்கினார். சபையோ அவரை ஒருமனதாகத் தன் உபதலைவராகத் தெரிந்துகொண்டது. பிரித்தானிய இந்தியாவிலே சட்டசபையொன்றில் அமர்ந்த முதற் பெண் அவரே.

அவர் அங்கே செய்தவை பல. பெண்களின் விவாக வயதை உயர்த்தவேண்டுமென்று பேசினார். பெண் கல்விக்கும் பாடசாலைப் பிள்ளைகளின் வைத்திய பரிசோதனைக்கும் வாதாடினார். பெண்களை விலைப்பொருளாக்கும் வாணிகத்தை அடக்கும் சட்டத்துக்காக உழைத்தார். இவற்றை விரித்தற்கு நேரமில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை அவர் எப்படி அணுகினார் என்பதையே நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த பிரேரணை, இவ்வழக்கத்தை நிறுத்த அரசாங்கம் சட்டஞ்செய்ய வேண்டும் என்று கோரிற்று. சபை ஏற்றது. பிரேரணை என்பது வேண்டுகோள்தானே. அதனால் யாருடைய வீட்டிலும் அடுப்பு எரியவும் இல்லை, அணையவும் இல்லை. ஆனால் அம்மையார் வைத்தியர் அல்லவா? நோய் எங்கே வேர்கொண்டது என்று தேடினார். வேர் காணியில் இருந்தது.

பழைய அரசரும் செல்வரும் கோயில்களிலே ஆடவும் பாடவும் தீபம் ஏந்தவும் இருந்த பெண்களுக்கு மானியக் காணி விட்டிருந்தனர். ஊழியம் நடக்கும்வரை காணி அவர்களுக்கு. ஊழியம் நின்றால் காணியும் போய்விடும். ஆகவே ஒரு தாய் வயது முதிர்ந்தபோது, குடும்பம் அந்தக் காணியிலே தொடர்ந்து சீவிக்க வேண்டுமானால், தன் மகளுக்கோ சுவீகாரம் எடுத்த சிறுமிக்கோ பொட்டுக்கட்டியாக வேண்டும். பக்தி ஒருபுறம் இருக்க, அந்தச் சிறுமியின் கழுத்தில் ஏறியது உண்மையிலே காணி உறுதியின் முடிச்சு. சிறுவரைத் தீயதொழிலுக்கு விற்பதைத் தண்டிக்கும் பிரிவுகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முன்னரே இருந்தன. இருந்தும் பயனில்லை. வயிற்றுக்கு வழி அடைபட்டிருக்கும்போது தண்டனைக்கு அஞ்சுவார் யார்?

அம்மையார் முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தார். 1926ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் நிறைவேறிற்று. ஊழியம் என்னும் நிபந்தனையிலிருந்து மானியக் காணி விடுவிக்கப்பட்டு, அதற்குப் பதிலாக ஒரு வரி விதிக்கப்பட்டது. இனிக் காணியைக் காப்பதற்காக மகளைக் கொடுக்கவேண்டியதில்லை. கோயிலை இடிக்கிறார் என்று கூவியவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை வாசித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எதிர்ப்பு எளிதாக இருக்கவில்லை. சமயத்தில் அரசாங்கம் கைவைக்கலாகாது என்றனர் சிலர். அதற்கு அம்மையார், இது சமயமன்று, சமயத்தின்மேற் படிந்த அழுக்கு என்ற கருத்திலே விடையிறுத்தார். நமக்கு இது புதிய பேச்சன்று. கோயிலிலே தாசியர் ஆட்டம் ஆகாதென்று நம் நாவலர் பெருமான் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே கண்டித்தார். ஆயினும் அதன் பின்னரும் நம் ஊர்த் திருவிழாக்களிலே சின்னமேளம் நடந்தது. அதை இங்கே இருக்கும் பெரியோர்களிற் சிலர் கண்டிருப்பார்கள். கண்டனத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் அது.

இன்னோர் எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வந்தது. இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தேவதாசிகளே அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தோருள் ஒருவர். திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளின் சமாதியைத் தம் பொருள் கொண்டு திருப்பணி செய்வித்த அந்த அம்மையார் கற்றவர், பக்தர். எங்களைக் கேளாமலே எங்களை இழிந்தோர் என்று எழுதுவதா என்பது அவர்கள் மனத்தாங்கல். அவர்கள் குலத்திலே பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தது, எழுத்தறிவு இருந்தது, சங்கீதமும் பரதமும் அவர்கள் வீட்டிலேதான் வாழ்ந்தன. மற்றைய இந்துப் பெண்களுக்கு அக்காலத்தில் இவற்றுள் எது இருந்தது? புதிய ஏற்பாட்டிற் குலத்தின் ஆடவருக்கு இலாபமும் பெண்களுக்கு நட்டமும் நேர்ந்ததென்று பிற்கால ஆய்வாளர் சிலர் காட்டியுள்ளனர். ஆட்டம் அவர்கள் கையைவிட்டுப் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயரோடு கனவான்கள் வீட்டுப் பெண்களிடம் வந்தபோது, பழைய ஆசிரியைகள் பலர் மறக்கப்பட்டனர். இன்று நம் சகோதரிமார் அரங்கேற்றம் செய்கிறார்கள். அழைப்பிதழில் அந்தப் பாட்டிமாரின் பெயரை நான் கண்டதில்லை.

என் எண்ணத்தைக் கேட்டால், அம்மையார் செய்தது சரி. அவருடைய சில சொற்கள் கடுமை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அறியாப் பருவத்திலே விதி எழுதும் உரிமை தாய்க்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. ஆனால் வளர்ந்து கலைஞராய் நின்ற பெண்களையும் அதே சொல்லாற் சுட்டது நியாயமன்று.

காணியை விடுவித்த பின்னர், பொட்டுக்கட்டுதலையே முற்றாகத் தடுக்கும் மசோதாவை 1930இல் அவர் கொண்டுவந்தார். அவ்வாண்டு உப்புச் சத்தியாக்கிரகம். மே மாதத்திற் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் தம் ஆசனத்தைத் துறந்தார். மசோதா தாயற்ற பிள்ளையாயிற்று. அது சட்டமானது 1947இலே, பதினேழு ஆண்டு கழித்து. அந்த இடைக்காலத்திலே மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் ஊரூராய்ப் பேசியும், 1936இல் நாவல் எழுதியும் அவ்விளக்கை அணையாமற் காத்தார். அவரும் அதே குலத்தின் துன்பத்தை அனுபவித்தவர்.

ஆசனத்தை விட்டது சரியா? இக்கேள்வி நமக்கும் உரியது. அடுத்த ஆண்டே, 1931இல், இலங்கையில் வளர்ந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, பூரண சுயராச்சியம் இல்லையென்று யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அவர்கள் நோக்கம் உயர்ந்தது; அதைக் குறைசொல்ல எனக்கு வயது போதாது. ஆயினும் பதினேழு ஆண்டு என்பது சிறு காலமன்று. அதற்குள் எத்தனை சிறுமியருக்குப் பொட்டு ஏறிற்றோ! நாட்டின் மானமா, அந்தச் சிறுமியரா என்று இரண்டையும் தராசிலே வைத்துப் பார்க்கும்போது எனக்கு முள் ஒரு பக்கமும் நிலையாய் நிற்பதில்லை. இங்கே உள்ள சட்டம் படிக்கும் நண்பர்கள் கூட்டம் முடிந்தபின் இதனை என்னோடு வாதாடலாம்.

ஒன்று மாத்திரம் உறுதி. ஆசனத்தை விட்டவர் வேலையை விடவில்லை. பொட்டுக்கட்டுதலுக்குத் தப்பி வந்த பெண்கள் தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிற விடுதிகளிலே அவர்களைச் சேர்க்க இலகுவில் ஒருவரும் உடன்படவில்லை. சட்டசபையிலே ஒருமனதாகக் கையுயர்த்திய கனவான்கள் வாழ்ந்த அதே பட்டினத்திலேதான்! அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்குப் பாய் விரித்தார். 1930இல் அப்படித் தொடங்கியதே ஔவை இல்லம். பின்பு அடையாற்றில் வளர்ந்து பாடசாலையுமாயிற்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் வைத்தியசாலையாகத் திறந்தது. 1968இல் அவர் மறைந்தார்.

அந்த முதற் பெண்களுள் சிலர் பின்னாளில் ஆசிரியைகளாகவும் தாதிமாராகவும் ஆயினர். தாங்கள் யார் மகள் என்று அவர்களை எவரும் கேட்கத் தேவையில்லாத ஒரு முகவரி அவர்களுக்கு இருந்தது.