பௌதிகவியலாளர் கண்ட உயிரியல்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு துறையிலே கற்றுத் தேர்ந்த ஒருவர் வேறொரு துறையிலே புகுந்தால், முன் கற்றதெல்லாம் வீணாயிற்று என்று உலகோர் கூறுவர். அக்கூற்றுப் பிழையென்பதற்குப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் அவர்களின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

1922 ஆம் ஆண்டில் எர்ணாகுளத்திலே பிறந்த இவர், 1942 இல் மின்பொறியியல் கற்கப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தை அடைந்தார். இவருடைய திறமையைக் கண்ட சர் சி. வி. இராமன், இவரைப் பௌதிகத் துறைக்கு அழைத்துக்கொண்டார். பளிங்குகளினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைக் கொண்டு அணுக்களின் ஒழுங்கை அறியும் வித்தை இவருக்குக் கைவந்தது. கேம்பிறிட்ஜிலும் ஆராய்ச்சி செய்து மீண்டு, 1952 இல் சென்னைச் சர்வகலாசாலைப் பௌதிகத் துறையின் தலைவரானார்.

அங்கு வந்திருந்த பேராசிரியர் பேர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லையென்று இவரிடம் கூறினார். நமது தோலையும் எலும்பையும் தசைநாண்களையும் தாங்கி நிற்கும் புரதமே கொலாஜன். கங்காருவின் வாலிலுள்ள தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அது மூன்று இழைகளால் ஆயதென 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் வெளியிட்டார். அவ்விழைகள் முப்புரிக் கயிறுபோல முறுக்குண்டவை என்பதை அடுத்த ஆண்டிலே காட்டினார். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றிலொரு பங்கு கிளைசீன் ஆயிருப்பதேன் என்பதற்கும் விடை கிடைத்தது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவிடத்திலே மிகச் சிறியதாகிய கிளைசீன் ஒன்றே அடங்கும்.

ஆனால் பிரான்சிஸ் கிறிக்கும் அலெக்சாந்தர் றிச்சும் இதற்கு மறுப்புக் கூறினர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அம்மறுப்பு. முப்புரி என்ற அடிப்படை நிலைத்தது. அப்புரிகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்புகளின் தொகையில் மறுத்தவர்களின் கருத்தே பின்னர் ஏற்கப்பட்டது.

சகோதரர்களே, இராமச்சந்திரன் அம்மறுப்பை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே நாம் கருதத்தக்கது. அவர் வாதத்தோடு மட்டும் நிற்கவில்லை. “இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்?” என்பதையே ஒரு வினாவாக எடுத்துக்கொண்டார். அதுவரை அறியப்பட்ட பளிங்குகளின் அளவுகளையெல்லாம் திரட்டினார். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அவ்விரு கோணங்களையும் ஒரு படத்திலே குறித்துப் பார்த்தபோது, பெரும்பாலான நிலைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுமென்பதும், சில இடங்களே அனுமதிக்கப்பட்டவை என்பதும் புலனாயின. சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்ட அதுவே “இராமச்சந்திரன் வரைபடம்” எனப் பெயர் பெற்றது. இன்றும் உலகில் எங்கேனும் ஒரு புரதத்தின் உருவம் கணிக்கப்படின், அது சரியோ என்று சோதிக்க இப்படத்தையும் கொண்டு பார்க்கின்றனர்.

1977 இல் இலண்டன் ரோயல் சங்கம் இவரை அங்கத்தவராக்கியது. 2001 இல் சென்னையிலே இவர் காலமானார்.

உயிரியலுக்கு வந்தபோது இவர் பௌதிகத்தை வாயிலில் விட்டு வரவில்லை. அளந்தறியும் பழக்கத்தை உடன்கொண்டு வந்தார். நம் சொல்லை ஒருவர் மறுக்கும்போது சினங்கொள்வது எளிது. அம்மறுப்பில் அளக்கத்தக்கது யாதென்று தேடுவதே அறிவுடைமை. கற்கும் இளைஞர் இதனை மனத்திற் கொள்வார்களாக.