ஒன்பதாம் வகுப்பு நூல்களும் ஆத்தங்குடிக் கல்லும்



பள்ளிப் படிப்பில் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஆண்டு ஒன்று உண்டு. அஃது ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்போடு தொடக்கநிலை முடிகின்றது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்து வீட்டையே கலக்குகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒன்பது, இரண்டு பெரிய ஊர்களுக்கு இடையில் வண்டி நில்லாது கடந்துபோகும் சிற்றூர் போலக் கிடக்கின்றது. பத்தாம் வகுப்புப் பாடத்தையே ஒன்பதில் நடத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும் பள்ளிகளும் நாட்டில் இல்லாமல் இல்லை.

ஆயினும் பிள்ளையின் அறிவு கண்ணுக்குத் தெரியாதவற்றின்மேல் அழுத்தமாகக் கால்வைக்கும் ஆண்டு அது. அதுவரை பெரும்பாலும் இலை, பூ, காந்தம், ஆறு, அரசன் என்று பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றைப் படித்தவன், அவ்வாண்டில் அணுவின் உள்ளமைப்பையும், தனிமங்களின் அட்டவணையையும், முடிவுறாமல் நீளும் எண்களையும், முக்கோணத்தின் பக்கங்களை வைத்தே உயரம் காணும் முறையையும் எதிர்கொள்கின்றான். அங்கே கைப்பிடியாக இருப்பது சொல் ஒன்றே. சொல் விளங்கினால் பொருள் விளங்கும். சொல் விளங்காதவன் நெட்டுருப் போடத் தொடங்குவான். நெட்டுரு தொடங்குமிடத்தில் கல்வி முடிந்துபோகின்றது.

அவ்வாண்டின் நூல்களைப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், குமுகாய அறிவியல் என்று ஐந்து. 2018ஆம் ஆண்டில் இந்நூல்கள் புதிதாக எழுதப்பெற்றன. தமிழ்நூல் திராவிட மொழிக்குடும்பத்தோடு தொடங்கி, நீரையும் ஏறுதழுவுதலையும் பேசி, வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று இலக்கணத்திற்குள் செல்கின்றது. 'வேலை கொடுத்தான்' என்றால் ஒருவனுக்குப் பணி கிடைத்தது. 'வேலைக் கொடுத்தான்' என்றால் கைக்கு வேல் கிடைத்தது. ஓர் ஒற்று இவ்வளவு செய்யும் என்பதை அவ்வாண்டில் பிள்ளை அறிகின்றான். (கடைப்பலகை எழுதுவோரும் அப்பாடத்தை ஒருமுறை படித்தால் தீங்கில்லை.) ஆங்கிலநூலைப் பற்றி இங்கு நீளப் பேச வேண்டுவதில்லை. அதனை மொழியாக நன்றாகக் கற்கட்டும், பிழையறக் கற்கட்டும். 1968ஆம் ஆண்டு முதல் தமிழகம் கைக்கொண்டுள்ள இருமொழிக் கொள்கையில் அதற்குரிய இடம் இருக்கின்றது. பேச வேண்டியது எஞ்சிய மூன்று நூல்களைப் பற்றியே.

அம்மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு இவ்வூர்க் கல்பட்டறை ஒன்றினுள் நுழையுங்கள்.

தொழிலாளி கண்ணாடித் தகட்டைக் கீழே இடுகின்றார். அதன்மேல் அச்சை வைக்கின்றார். அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த காரைக் குழம்பை ஊற்றுகின்றார். அச்சைப் பதமாகத் தூக்கி எடுத்தபின், உலர்ந்த மணலும் சீமைக்காரையும் கலந்த தூளைத் தூவி, அதன்மேல் ஈரச்சாந்தை நிரப்பித் தேய்க்கின்றார். சூளை இல்லை, நெருப்பு இல்லை, மின்பொறியும் இல்லை. இறுகிய கல்லை நீர்த்தொட்டியில் சில நாள் மூழ்க வைத்து எடுத்து உலர்த்துகின்றார். கண்ணாடியைப் பிரித்தால் மேற்பரப்பு கண்ணாடி போலவே ஒளிர்கின்றது.

ஏன் நீரில் இடவேண்டும்? சீமைக்காரை 'காய்ந்து' கெட்டியாகின்றது என்றுதான் பலர் எண்ணுகின்றனர். காய்வதால் அது கெட்டியாவதில்லை. நீரோடு கூடி வேறொரு பொருளாக மாறி இறுகுகின்றது. நீர் போதாவிடின் மாற்றம் அரைகுறையாக நின்று கல் வலுவிழக்கும். ஆதலால்தான் தொட்டி. வேதியியல் மாற்றம் என்று நூலில் உள்ள இரண்டு சொற்களின் முழுப்பொருளும் அத்தொட்டிக்குள் கிடக்கின்றது. பட்டறைக்காரர் மகன் அதனை நாள்தோறும் பார்க்கின்றான். அவன் பார்த்ததையும் படித்ததையும் ஒன்றாக முடிச்சுப்போட அவனுக்கு வேண்டியது ஒரு தமிழ்த்தொடர். அதே செய்தியை அவன் அறியாத மொழியில் நான்கு வரியாகக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால், தொட்டி ஒருபுறமும் நூல் மறுபுறமுமாக அவன் வாழ்நாள் முழுதும் பிரிந்தே கிடக்கும்.

இனிக் கணக்குநூல். கல் ஒன்று பத்து அங்குலச் சதுரம் எனக் கொள்வோம். 25 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கூடத்திற்கு எத்தனை கல் வேண்டும்? நீளத்திற்கு 30, அகலத்திற்கு 24, ஆக 720. இதனைத் தொழிலாளி வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். ஆனால் அக்கல்லை மூலைக்கு மூலை குறுக்கே அறுத்தால் அறுத்த பக்கத்தின் நீளம் என்ன? பதினான்கு அங்குலமும் கொஞ்சமும் என்பார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் ஒன்பதாம் வகுப்பின் மெய்யெண் பாடம். 14.14 என்று எழுதலாம், 14.142 என்றும் எழுதலாம். எழுதி முடிக்க மட்டும் எவராலும் முடியாது. பின்னமாகவும் அதனைச் சொல்ல முடியாது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு கல்லின் விளிம்பில் முடிவே இல்லாத ஓர் எண் குடியிருக்கின்றது என்று தாய்மொழியில் கேட்கும் பிள்ளை வியப்படைவான். அவ்வியப்பு மதிப்பெண்ணில் வாராது; ஆயினும் கணக்கறிஞன் அங்கிருந்துதான் பிறக்கின்றான்.

கண்ணாடியின்மேல் ஊற்றிய பூவின் இடப்பக்கம், கல்லைத் திருப்பியதும் வலப்பக்கமாகிவிடும். எழுத்துப் பொறிக்க வேண்டுமாயின் அச்சைத் தலைகீழாக அன்று, இடவலமாக மாற்றி வெட்ட வேண்டும். அறிவியல் நூலில் ஒளி பற்றிய பாடம் அஃது. ஒரு கல்லில் கால்வட்டம். நான்கு கற்களை மூலை சேர்த்தால் முழுவட்டம். இது வடிவியல்.

அறிவியல் நூலின் காடி, காரம், உப்பு என்னும் பகுதிக்கு இவ்வூர்ப் பெரிய வீடுகளின் சுவர்களே போதும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் வார்த்தால் கொதித்துப் பொங்கி நீறும். அது நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வளியை உண்டு மீண்டும் கல்லாகும். கல்லில் புறப்பட்டுக் கல்லிலேயே வந்து முடியும் இச்சுற்றை நம் கொற்றர்கள் எந்நூலையும் படிக்காமல் அறிந்திருந்தனர். சீமைக்காரை நீரால் இறுகுகின்றது. சுண்ணாம்போ காற்றால் இறுகுகின்றது. இவ்வேறுபாட்டை இவ்வூரில் பிறந்த பிள்ளை தெளிவாகச் சொல்வான், அவன் மொழியில் கேட்டால்! 'நீற்றுதல்' என்னும் சொல்லைப் பாடநூல் எழுதியோர் எங்கோ அமர்ந்து படைக்கவில்லை. கொற்றர் வாயிலிருந்து அது நூலுக்குள் வந்தது. 'தமிழில் அறிவியல் சொல் ஏது?' என்று கேட்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

குமுகாய அறிவியல் நூலில் பணமும் கடனும் என்று ஒரு பாடம் இருக்கின்றது. நகரத்தார் நாட்டுப் பிள்ளைக்கு அப்பாடத்தைப் புதிதாகவா கற்பிக்க வேண்டும்? பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் பேரேடும் ஐந்தொகையும் தமிழிலேயே எழுதினர். கடல்கடந்த வாணிகம் முழுதையும் தாங்கிய மொழி அது. அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி வரையில் பின்னம் சொன்ன மொழி. ஒரு முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதே நூலில் பண்டைத் தமிழர் வாழ்க்கை பற்றிய பாடமும் உள்ளது. அப்பாடத்தைப் படித்துவிட்டு இம்மாவட்டத்திலேயே உள்ள கீழடிக்குச் சென்று பானையோட்டில் கீறிய 'ஆதன்' என்னும் பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். 2023ஆம் ஆண்டு முதல் அங்கே அருங்காட்சியகமும் இருக்கின்றது.

ஈண்டு ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். இன்று பிள்ளைகள் தடையின்றிச் சொல்லும் இயற்பியல், அறிவியல், வரலாறு என்னும் சொற்கள் தாமாக வந்து பாடநூலில் அமர்ந்துகொண்டவை அல்ல. அவற்றின் இடத்தில் முன்பு பௌதிகமும் விஞ்ஞானமும் சரித்திரமும் இருந்தன. இயற்கணக்கு 'பீசகணிதம்' என்று வழங்கிற்று. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் கலைச்சொற்குழு அமைத்தபோது, அது வடசொற்களுக்கே முதலிடம் தந்தது என்று தமிழறிஞர் எதிர்த்து நின்றனர். அவ்வெதிர்ப்பில்லையேல் இற்றைப் பாடநூலைப் படிக்கத் தமிழாசிரியரோடு வடமொழியாசிரியரையும் பக்கத்தில் அமர்த்தியிருக்க வேண்டும்!

ஆயினும் பணி முடிந்ததா என்றால் இல்லை. நிலவுருண்டையின்மேல் வரையும் கோடுகள் இன்றும் பாடநூலில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்றே உள்ளன. ஈழத்துப் பிள்ளைகள் அகலக்கோடு, நெடுங்கோடு என்று படிக்கின்றனர். எது பிள்ளைக்கு விளங்கும் என்று சொல்லவும் வேண்டுமா? மற்றொரு குறையும் உண்டு. அதனை மறைப்பது அறமன்று. தமிழாக்கம் என்னும் பெயரால் ஆங்கிலத் தொடரை அப்படியே கவிழ்த்து வைத்த முறுக்கு நடை பாடநூல்களில் ஆங்காங்கே இருக்கின்றது. ஒரு வகுப்பில் ஒரு சொல்லும் அடுத்த வகுப்பில் அதற்கே வேறொரு சொல்லும் வருகின்றன. அதனைக் கண்டு, 'தமிழில் படித்தால் விளங்கவில்லை' என்று ஒரு தாய் சொன்னால் அவர்மேல் சினங்கொள்வதால் பயனில்லை. அவருக்கு விளங்காதது தமிழன்று. தமிழெழுத்தில் அச்சிட்ட ஆங்கில நடை. தூயதமிழ் வேண்டுவோர் மேடையில் முழங்குவதோடு நில்லாமல், இத்தொடர்களை வரிவரியாகத் திருத்தி எழுதித்தரும் வேலையையும் ஏற்க வேண்டும். அவ்வேலை சலிப்பூட்டுவது, கைதட்டும் கிடையாது. அதனால்தானோ என்னவோ செய்வார் குறைவு.

செய்தவர் ஒருவரை இச்செட்டிநாடு அறியும். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கனார் இளமையில் பர்மாவில் வட்டிக்கடைப் பணிக்குச் சென்றவர். முதலாளிக்காகப் பொய்சொல்ல மறுத்து ஊர் திரும்பியவர். பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் கற்று, காரைக்குடி அழகப்பர் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர். ஓய்வாக அமர்ந்திருக்க வேண்டிய அகவையில் தமிழ்வழிக் கல்வி இயக்கத்தைத் தோற்றுவித்து ஊரூராக நடந்தார். அவர் கேட்டது, பிள்ளைக்குப் பாடம் அவன் மொழியில் சொல்லப்படல் வேண்டும் என்பதொன்றே. அழகப்பர் நிலமும் பொருளும் வழங்கியதால் காரைக்குடியில் எழுந்து 1953இல் திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிலையம், ஆத்தங்குடியிலிருந்து தொலைவில் இல்லை. ஆய்வகம் அருகில் இருக்கின்றது. அதனுள் நுழையும் வழிதான் பட்டறைப் பிள்ளைக்கு அருகில் இல்லை.

இப்போது பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருதல் வேண்டும். 'எட்டு வரையில் தமிழ்வழியில் படித்துவிட்டான்; ஒன்பதில் ஆங்கிலவழிக்கு மாற்றிவிடலாமா?' 2012ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பெற்றமையால் இக்கேள்வி வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. அணுவையும் மெய்யெண்ணையும் ஆழ்ந்து சந்திக்கும் அதே ஆண்டில் மொழியையும் மாற்றினால், பிள்ளைக்கு ஒரே வேளையில் இரண்டு இருட்டு. ஆங்கிலம் கற்பதற்கு ஆங்கிலப் பாடவேளை இருக்கின்றது. போதாதெனின் அதனை வலுப்படுத்தக் கேளுங்கள். அறிவியலை விலையாகக் கொடுத்து ஆங்கிலம் வாங்குவது நகரத்தார் பேரேட்டில் இழப்பின் பக்கமே எழுதப்படும்.

வேலை கிடைக்குமா என்பதும் நேர்மையான கேள்விதான். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டரசுப் பணி அமர்த்தங்களில் தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பின்னர் அச்சட்டம் திருத்தப்பெற்று, பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப்படிப்பும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றும் தந்தை, தம் பிள்ளையின் கையிலிருந்து அவ்வுரிமையையும் சேர்த்தே பிடுங்குகின்றார் என்பதை அறிந்து செய்கின்றாரா?

மாணவச் செல்வங்களே! வரும் அரையாண்டு விடுமுறையில் ஒரு வெற்றுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கும், பழைய வீட்டுக் கொற்றரிடமும், கணக்கெழுதிய முதியவரிடமும் செல்லுங்கள். கருவிகளின் பெயர், பதத்தின் பெயர், பிழையின் பெயர் என அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். இடப்பக்கம் அவர்கள் சொல். வலப்பக்கம் உங்கள் பாடநூல் சொல். இரண்டும் ஒன்றாக இருக்குமிடத்தில் ஒரு கோடு போடுங்கள். பட்டறைச் சொல்லே தெளிவாக இருந்தால் அதனைப் பாடநூற் கழகத்திற்கு எழுதி அனுப்புங்கள். முதல் வரியில் 'நீற்றுதல்' என்று எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கோடு இப்போதே போட்டாயிற்று.