நம் புத்தகத்தை நாமே போடும்போது



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணனின் ஒரே சிறுகதைத் தொகுப்பை நாங்கள்தான் போட்டோம். அண்ணி தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம். அதில் நாங்கள் செய்த தவறுகளைச் சபையில் சொல்லிவிடுகிறோம்.

சொந்தமாக அச்சுப் போடுவது நமக்குப் புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். யாராவது இடம் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாங்கள் 1000 படி அடித்தோம். "300க்கும் 1000க்கும் பெரிய வித்தியாசம் வராது" என்றார் அச்சகக்காரர். விலைக் கணக்கில் அது சரி. வைக்க இடம் யாரிடம் இருந்தது? கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்ததைக் கரையான் தின்றது. இப்போது 50, 100 படிகூட அடித்துத் தருகிறார்கள். விற்ற பிறகு மறுபடி அடிக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு மெய்ப்பில் நடந்தது. ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்தோம். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. "வந்துருச்சு" என்பதையெல்லாம் "வந்துவிட்டது" ஆக்கினார். கிழவியின் வசவுகளை நீக்கினார். வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்துவிட்ட அவசரத்தில், திருத்திய பக்கங்களை அண்ணனிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்பினோம். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர், "எங்கம்மா இப்பிடிப் பேசாதேப்பா" என்றார். அவ்வளவுதான். விழாவில் சிரித்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

உள்பக்கத்தில் ஆண்டும் போடவில்லை, முகவரியும் போடவில்லை. பின்னால் ஓர் ஆய்வு மாணவி வந்து ஆண்டு கேட்டபோது எங்களுக்குள்ளேயே தகராறு. ஐ.எஸ்.பி.என். எண்ணும் வாங்கவில்லை, ராஜா ராம்மோகன் ராய் முகமை அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஆளுக்கொரு படி அனுப்ப வேண்டியது பதிப்பாளர் பொறுப்பு. பதிப்பாளர் என்றால் நாங்கள்தான். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கரையானுக்கு எட்டாத இடத்தில் நான்கு படிகளாவது இருந்திருக்கும்.

இப்போது கையில் இருப்பது அண்ணி வைத்திருந்த ஒரே படி. அதன் ஓரங்களில் அண்ணன் பென்சிலால் பழைய பேச்சையெல்லாம் திருப்பி எழுதி வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை வைத்துத்தான் இரண்டாம் பதிப்பு, 200 படி. மகள் உரக்க வாசிக்கிறாள். அண்ணி கேட்டுக்கொண்டிருந்து, பிசகும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்துகிறார். இன்னும் மூன்று கதைகள் பாக்கி. விழாத் தேதி குறிக்கவில்லை.